மழலையின் நா

ராயப்பேட்டையில் வாழும் சகோதரி ஒருவர் கண்கலங்கச் சொன்ன செய்தி இது. எல்.கே.ஜி. பயிலும் அவருடைய நான்கு வயது மகன் 'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்றும், 'ஸ்பூன்' என்பதைப் 'பூன்' என்றும் சொல்வானாம். வகுப்பில் பிள்ளைகள் சிரித்தனர். வீட்டில் வாப்பா அதட்டினார். இப்போது அவன் ஆங்கிலச் சொல் எதற்கும் வாய் திறப்பதே இல்லை.

சகோதரிகளே! இது குறையன்று; வளர்ச்சியின் ஒரு படி.

ப, ம போன்ற இதழொலிகளே மழலையரின் நாவில் முதலில் அமைகின்றன. இணைந்து வரும் இரு மெய்களுள் ஒன்றை விட்டுவிடுவதும், 'கார்' என்பதைத் 'தார்' என்பதும் பல நாட்டுக் குழந்தைகளிடமும் காணப்படுபவை. கட்டைவிரலைக் குறிக்கும் 'தம்ப்' என்னும் சொல்லின் முதலொலி ஆங்கிலக் குழந்தைகளுக்கே பிந்தித்தான் வருகிறது. மக்லியோட், குரோ என்னும் ஆய்வாளர்கள் 27 மொழிகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டனர். பெரும்பாலான மெய்யொலிகள் ஐந்து வயதுக்குள் அமைந்துவிடுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு.

'புக்கு', 'பஸ்ஸு' என்பவை வேறு வகை. வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழின் இயல்பன்று. ஆகவே நா உகரத்தைத் துணைக்கு அழைக்கிறது. 'இரத்தம்', 'இலட்சம்' என முன்னே இகரம் சேர்த்த அதே பழக்கமே 'இஸ்கூல்' என்றும் சொல்லவைக்கிறது. உருது பேசும் இல்லங்களிலும் இதனைக் கேட்கலாம்.

ஓதும் பிள்ளைகளுக்கு ஒரு வசதியுண்டு. மேற்பல் நுனி கீழுதட்டைத் தொடும் 'ஃபா'வும், நாநுனி மேற்பல் விளிம்பைத் தொடும் 'ஸா'வும் மக்தபிலேயே பழகுபவை. ஆங்கிலத்தின் 'ஃபேன்', 'தம்ப்' ஒலிகளும் அவ்விடங்களிலேயே பிறக்கின்றன. அரபியிலோ பகரம் இல்லை. அரபுத்தமிழ் எழுதிய நம் முன்னோர் அதற்கெனத் தனி எழுத்தே அமைத்தனர். எல்லா ஒலியும் கொண்ட மொழி எது?

குழந்தை 'பேன்' என்றால், "ஆமாம், ஃபேன் சுற்றுகிறது" என்று நீங்கள் திருத்தமாகச் சொல்லுங்கள், அதுவே போதும். திரும்பத் திரும்பச் சொல்லவைத்து வாட்டாதீர்கள். ஆனால் அழைத்தால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்க்காத பிள்ளை, நான்கு வயதிலும் அயலாருக்குப் பேச்சு விளங்காத பிள்ளை ஆகியோருக்குச் செவிப் பரிசோதனை செய்யத் தாமதிக்கலாகாது.

திக்கித் திணறிக் குர்ஆன் ஓதுபவருக்கு இரு மடங்கு நற்கூலி உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். முயலும் நாவை இவ்வாறு மதித்த மார்க்கத்தின் மக்கள் நாம். நம் வீட்டுச் சின்னஞ்சிறு நாவைச் சிரித்து ஊமையாக்கலாமா?