ஃபியூஸ் கட்டைக்கும் ரஷ்ய டாங்கிக்கும் என்ன உறவு? ஆவடி ‘பீஷ்மா’வின் கதை!

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. இந்த வட்டாரத்துக்கு வெளியூரில் ஓர் அடையாளம் உண்டென்றால், அது பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரியைத் தொடுவதற்கு முன்பே தோண்டி எடுக்கப்படும் களிமண், விருத்தாசலத்துச் சூளைகளில் வெந்து கோப்பையாகிறது, பொம்மையாகிறது, ஃபியூஸ் கட்டையாகிறது. வீட்டு மெயின் போர்டில் இருக்கும் அந்த வெள்ளைக் கட்டையின் குணம் எல்லோருக்கும் தெரியும். சூட்டுக்கு இளகாது, மின்சாரத்தைக் கடத்தாது. கீழே போட்டால்தான் உடையும்.

இதே பீங்கான் குடும்பத்துப் பொருள்தான் 40 டன் எடையுள்ள போர் டாங்கிக்குள்ளும் ஒளிந்திருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா?

சோவியத் யூனியன் உருவாக்கிய டி-64 வரிசை டாங்கிகளின் சுழல் கோபுரச் சுவருக்குள், ‘கொரண்டம்’ எனப்படும் கடினமான பீங்கான் உருண்டைகளை வைத்தார்கள். டாங்கியைத் துளைக்க வரும் சிலவகை குண்டுகள், வெடித்த நொடியில் செம்பை ஊசிபோல நீட்டி, அசுர வேகத்தில் எஃகுக்குள் செலுத்தும். எஃகு மட்டும் இருந்தால் அந்த ஊசி நேராகப் போய்விடும். நடுவில் பீங்கான் இருந்தால், அது நொறுங்கி ஊசியைக் கலைத்துவிடும். இங்கே உடைவதுதான் அதன் வேலை. ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் நம்முடைய அர்ஜுன் டாங்கிக்காக உருவாக்கிய ‘காஞ்சன்’ கவசத்திலும் எஃகுக்கு நடுவே பீங்கான் உண்டு.

ஆனால், இந்திய ராணுவத்தின் முதுகெலும்பு அர்ஜுன் அல்ல. ரஷ்யாவில் வரையப்பட்ட டாங்கிகள்தான். அவற்றில் பெரும்பகுதி பிறந்த இடமோ, விருத்தாசலத்திலிருந்து ரயிலேறினால் அரை நாளுக்குள் போய்ச் சேரக்கூடிய ஆவடி!

ஆவடிக்கு வந்த ரஷ்யன்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் தொடங்கப்பட்டது. 1965-ல் அங்கிருந்து முதல் டாங்கி வெளியே வந்தது. அதன் பெயர் ‘விஜயந்தா’. வடிவமைப்பு பிரிட்டனுடையது. அதன்பிறகு இந்தியா சோவியத் பக்கம் திரும்பியது. 1970-களின் இறுதியில் டி-72 டாங்கிகளை வாங்க முடிவெடுத்து, 1980-களில் அவற்றை ஆவடியிலேயே தயாரிக்கத் தொடங்கியது. இந்தியப் பெயர் ‘அஜேயா’. இன்றும் ராணுவத்தில் ஏறத்தாழ 2,400 டி-72 டாங்கிகள் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது.

1990-களின் பிற்பகுதியில் பாகிஸ்தான், உக்ரைனிடமிருந்து 320 டி-80யூடி டாங்கிகளை வாங்கியது. அதற்குப் பதிலாக இந்தியா தேர்ந்தெடுத்ததுதான் டி-90. 2001 பிப்ரவரியில் 310 டாங்கிகளுக்கு ரஷ்யாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றில் 124 முழுமையாக வந்தன. மீதி 186 பாகங்களாக வந்து ஆவடியில் பூட்டப்பட்டன. அதன்பின் 2007-ல் மேலும் 347 டாங்கிகளுக்கு ஒப்பந்தம். உரிமம் பெற்று 1,000 டாங்கிகளை ஆவடியிலேயே தயாரிக்கும் திட்டத்தில், முதல் 10 டாங்கிகள் 2009 ஆகஸ்ட்டில்தான் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘பீஷ்மா’. 2019-ல் இன்னும் 464 டாங்கிகளுக்கு ஆர்டர் போனது.

2001-ல் ஒப்பந்தம், 2009-ல் உள்ளூர்த் தயாரிப்பின் முதல் தவணை. வரைபடம் கைக்கு வந்த மறுநாளே டாங்கி உருண்டுவிடாது என்பதை இந்த எட்டு ஆண்டுகள் சொல்கின்றன.

ஏன் ரஷ்ய டாங்கி? எடை ஒரு முக்கியக் காரணம். டி-90 சுமார் 46 டன். அர்ஜுன் மார்க்-1ஏ 68 டன். பஞ்சாபின் கால்வாய்ப் பாலங்கள், ரயில் வேகன்கள், மலைச்சாலைகள் எல்லாவற்றுக்கும் இந்த 22 டன் வித்தியாசம் பெரிய வித்தியாசம். விலையும் பேசும். 2021 செப்டம்பரில் ஆவடிக்குத் தரப்பட்ட 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கான ஆர்டரின் மதிப்பு ரூ.7,523 கோடி. வகுத்துப் பார்த்தால், ஒரு டாங்கி கிட்டத்தட்ட 64 கோடி ரூபாய்!

பத்தாயிரம் இருந்தும் பற்றாக்குறை

இந்த டாங்கிகளின் தாய்வீட்டில் என்ன நடக்கிறது?

உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல், ரஷ்யாவிடம் பயன்பாட்டில் ஏறத்தாழ 3,000 டாங்கிகளும், கிடங்குகளில் சுமார் 10,000 டாங்கிகளும் இருப்பதாக லண்டனைச் சேர்ந்த சர்வதேச மூலோபாய ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருந்தது. உலகில் எந்த நாட்டிடமும் இவ்வளவு இல்லை. இரண்டே ஆண்டுகளில், 2024 பிப்ரவரியில், அதே நிறுவனம் சொன்ன கணக்கு: ரஷ்யா 3,000-க்கும் மேற்பட்ட டாங்கிகளை இழந்துவிட்டது. அதாவது, போர் தொடங்கியபோது பயன்பாட்டில் இருந்த அளவுக்கு!

இழப்பை ஈடுகட்ட, கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த டி-62 டாங்கிகளை எழுப்பினார்கள். 2023-ல் அதற்கும் மூத்த டி-54, டி-55 ரகங்கள் ரயிலில் ஏற்றப்பட்டன. தாத்தா காலத்து வண்டிகள்! இன்னொரு பக்கம், நிஸ்னி தகில் நகரில் உள்ள உரால்வகோன்சவோத் தொழிற்சாலை, 2020-ல் ராணுவத்துக்கு வரத் தொடங்கிய டி-90எம் ரகத்தைத் தொடர்ந்து தயாரித்துக்கொண்டிருக்கிறது. 2015 மே மாதம் மாஸ்கோ அணிவகுப்பில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்த டி-14 ‘அர்மாட்டா’வோ, போர்முனையில் எண்ணிக்கையாக எழவே இல்லை.

குக்கர் மூடி

டி-72, டி-90 போன்ற ரஷ்ய டாங்கிகளில் மூன்று பேர்தான் இருப்பார்கள். ஓட்டுநர், சுடுபவர், தளபதி. குண்டை எடுத்துப் பீரங்கிக்குள் திணிக்க நான்காவது ஆள் கிடையாது. அதை ஓர் இயந்திரம் செய்கிறது. கோபுரத்துக்குக் கீழே வட்டமான தட்டில் 22 குண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். தட்டு சுழன்று, தேவையானதை மேலே தள்ளும். ஓர் ஆள் குறைவதால் டாங்கி சிறியதாகிறது, எடை குறைகிறது, எதிரியின் கண்ணுக்கும் எளிதில் படாது.

சிக்கலும் அங்கேதான். அந்த மூன்று பேரில் இருவர், வெடிமருந்துத் தட்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு குண்டு உள்ளே நுழைந்து தட்டைத் தொட்டுவிட்டால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். ஆவி அடைத்த குக்கரின் மூடி எகிறுவதுபோல, பல டன் எடையுள்ள கோபுரம் வானத்தில் பறக்கும். 1991 வளைகுடாப் போரில் இராக்கின் டி-72 டாங்கிகளுக்கு நடந்தது இதுதான். உக்ரைனில் ரஷ்ய டாங்கிகளுக்கு மறுபடியும் மறுபடியும் நடந்ததும் இதுதான். டி-90எம்-ல் கூடுதல் குண்டுகளில் ஒரு பகுதியைக் கோபுரத்துக்குப் பின்னால் தனிப்பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். ஆனால், அடித்தட்டு அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்தியாவின் பீஷ்மாவிலும் அதே தட்டுதான்.

இத்துடன் சேர்ந்துகொண்டது ட்ரோன். டாங்கிக்கு நெற்றியில்தான் கவசம் கனம், உச்சந்தலையில் மெல்லிசு. காரணம் எளிது. அந்தக் காலத்தில் எதிரி எதிரே நின்று சுட்டான். இன்று சில பத்தாயிரம் ரூபாய்க்குச் செய்துவிடக்கூடிய ட்ரோன், குண்டைக் கட்டிக்கொண்டு நேராகத் தலைக்கு மேல் வருகிறது. மகாபாரத பீஷ்மரையும் நேருக்கு நேர் யாராலும் வீழ்த்த முடியவில்லை. அவர் வில்லைத் தாழ்த்திய திசையிலிருந்துதான் அம்பு வந்தது! கம்பிக் கூண்டைக் கட்டித் தலையைக் காப்பாற்ற முயன்ற ரஷ்ய வீரர்களை முதலில் உலகம் கேலி செய்தது. பிறகு, தொழிற்சாலையிலிருந்தே டி-90எம் கூண்டோடு வெளியே வரத் தொடங்கியது.

லடாக்கில் மூச்சு வாங்கும் இன்ஜின்

இந்தியாவின் ரஷ்ய டாங்கிகள் ராஜஸ்தான் பாலைவனத்திலும் பஞ்சாப் சமவெளியிலும் நிற்பவை. கல்வான் மோதல் நடந்த 2020-க்குப் பிறகு, டி-90, டி-72 இரண்டுமே கிழக்கு லடாக்கில் பெரிய எண்ணிக்கையில் நிறுத்தப்பட்டன. அந்த உயரத்துக்கு டாங்கி போவது புதிதல்ல. 1948 நவம்பரில் சோஜி லா கணவாயில் டாங்கிகள் ஏறிப் போரின் போக்கையே மாற்றின. கோவேறுக் கழுதைப் பாதையை டாங்கி போகும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள், ‘தம்பி’ என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள்.

ஆனால், 16,000 அடி உயரத்தில் காற்று மெலிந்துவிடும். காற்று குறைந்தால் டீசல் இன்ஜினின் பலமும் குறையும். டி-72-ன் இன்ஜின் 780 குதிரைத்திறன் கொண்டது. சமவெளியிலேயே 41 டன்னுக்கு அது மட்டுமட்டுதான். 2024 ஜூன் இறுதியில் லடாக்கின் ஷியோக் ஆற்றைக் கடக்கும் பயிற்சியின்போது, திடீரென உயர்ந்த வெள்ளத்தில் ஒரு டி-72 சிக்கி ஐந்து வீரர்கள் உயிரிழந்தனர். அங்கே எதிரி சுட வேண்டியதில்லை, ஆறே போதும்.

2025 மார்ச் 7 அன்று ரஷ்யாவின் ரோசோபோரோனெக்ஸ்போர்ட் நிறுவனத்துடன் இந்தியா 248 மில்லியன் டாலர் மதிப்பில் ஓர் ஒப்பந்தம் போட்டது. டி-72 டாங்கிகளுக்கு 1,000 குதிரைத்திறன் இன்ஜின் பொருத்துவதற்காக. தொழில்நுட்பம் ஆவடிக்கு வரும் என்பதும் அதில் உண்டு.

மேம்பாடு இன்ஜினோடு முடியவில்லை. இரவில் பார்ப்பதும் ஒரு பிரச்னை. டி-90 தளபதிக்கு இருந்த பழைய இரவுக் கண்ணாடியை மாற்றி, உடல் சூட்டை வைத்தே எதிரியைக் காட்டும் கருவி பொருத்த, 2022 பிப்ரவரியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸுடன் ரூ.1,075 கோடி ஒப்பந்தம் கையெழுத்தானது. 957 டாங்கிகளுக்கு! இது முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு.

வரைபடம் யார் கையில்?

ஆவடி இன்ஜின் தொழிற்சாலை, ரஷ்ய வடிவமைப்பிலான 780 மற்றும் 1,000 குதிரைத்திறன் இன்ஜின்களை உள்நாட்டுப் பாகங்களோடு தயாரித்து, 2018 ஜூலையில் ராணுவத்திடம் ஒப்படைத்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும், ஏழு ஆண்டுகள் கழித்து டி-72-க்கு 1,000 குதிரைத்திறன் வேண்டுமென்றால் மீண்டும் மாஸ்கோவிடம்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. பிறர் சொன்ன பக்குவத்தில் குழம்பு வைப்பதும், இருப்பதை வைத்துப் புதிதாக ஒன்றைச் சமைப்பதும் வேறு வேறு கைப்பழக்கங்கள்.

ரஷ்யத் தொழிற்சாலைகள் தங்கள் போருக்கே இரவு பகலாக உழைக்கும்போது, வெளிநாட்டு வாடிக்கையாளர் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும். 2023-லேயே, ரஷ்யாவிலிருந்து வரவேண்டிய ஒரு பெரிய விநியோகம் வராது என்று இந்திய விமானப்படை நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தது. டாங்கிப் படையும் அந்தச் செய்தியைப் படித்திருக்கும்.

வழிகள் திறக்காமல் இல்லை. மலைக்காகவே 25 டன் எடையில் டி.ஆர்.டி.ஓ-வும் எல் அண்ட் டி-யும் உருவாக்கிய ‘சோராவர்’ இலகு டாங்கி, 2024-ல் சோதனைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், டி-72-களுக்கு மாற்றாக எதிர்காலப் போர் வாகனத் திட்டத்துக்குப் பாதுகாப்புக் கொள்முதல் குழு முதற்கட்ட ஒப்புதல் தந்தது. பேசப்படும் எண்ணிக்கை 1,770.

இனி ‘ராணுவத்தில் இத்தனை டாங்கிகள்’ என்று ஒரு செய்தி வந்தால், எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த டாங்கியின் உச்சந்தலைக்கு என்ன பாதுகாப்பு? குண்டுகள் வீரர்களின் காலடியில் இருக்கின்றனவா, தனிப்பெட்டியிலா? பழுதானால் உதிரி பாகம் ஆவடியில் கிடைக்குமா, கடல் தாண்டி வரவேண்டுமா? பத்தாயிரம் டாங்கிகளோடு போருக்குப் போன நாடு இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறது. நம் கணக்கிலும், ஒவ்வொரு டாங்கிக்குள்ளும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்!