கூட்டுவதா, குறைப்பதா?

அமெரிக்க நாட்டிலே குடிநீரைப் பற்றி ஒரு பெரும் வாதம் நடக்கிறது. ஊருக்கெல்லாம் வழங்கும் தண்ணீரிலே புளோரைடு எனும் உப்பைக் கலக்கலாமா, கூடாதா என்பதே அந்த வாதம். 1945-ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரிலே தொடங்கிய பழக்கம் அது. குழந்தைகளின் பற்சொத்தை குறைகிறது என்று மருத்துவர்கள் கணக்குக் காட்டினர். பழக்கம் நகரம் நகரமாகப் பரவிற்று. பொதுவுடைமைக்காரர்கள் செய்யும் சதி இது என்று அந்நாளிலே கூச்சலிட்டவர்களும் உண்டு! இன்று எதிர்ப்பு வேறு உருவிலே வந்திருக்கிறது. 2025-லே யூட்டா மாநிலம் தடை விதித்தது; புளோரிடா பின்தொடர்ந்தது. அதே ஆண்டிலே கனடா நாட்டுக் கால்கரி நகரம், 2011-லே நிறுத்திய புளோரைடை, மக்கள் வாக்களித்ததன் பேரில் மீண்டும் கலக்கத் தொடங்கியது.

அவர்கள் வாதாடட்டும். உத்திரமேரூர் வட்டாரத்திலே ஏரிப் பாசனத்தில் நடவு நடும் தாய்மார்களுக்கும், கல்குவாரியிலே கல் உடைக்கும் தோழர்களுக்கும் இதனால் ஆவதென்ன?

ஆவது உண்டு. ஆனால், அங்கே எழுந்த கேள்வியை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் ஏமாந்து போவோம். அங்கே கேள்வி, கூட்டுவதா வேண்டாமா என்பது. இங்கே கேள்வி, குறைப்பது எப்போது என்பது!

இந்தியாவிலே எந்த நகராட்சியும் குடிநீரில் புளோரைடு கலப்பதில்லை. கலக்க வேண்டிய தேவையின்றி, பாறையே பல ஊர்களில் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நிலத்தடிப் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து புளோரைடு கரைந்து நீரிலே சேர்கிறது. ஏரியும் கிணறும் வற்ற வற்ற, ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழமாக இறக்குகிறோம். பாறை இடுக்கிலே நெடுநாள் தங்கிய நீரை உறிஞ்சி எடுக்கிறோம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடவே செய்யும்.

இது புதிய கதையன்று. பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலே, முதுகெலும்பு விறைத்து, மூட்டு மடங்காமல் முடங்கிய சிற்றூர் மக்களைப் பற்றி 1937-லே ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். குற்றவாளி கிணற்று நீரிலிருந்த புளோரைடு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பழுப்பேறிய பற்களோடு தலைமுறைகள் வளர்ந்தன. அந்த மக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டது. 2008-லே முதல்வர் கலைஞர் அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய்த் திட்டம். 2013-லே, வேறு ஆட்சியிலே, அது தொடங்கிவைக்கப்பட்டது. யார் ஆட்சியில் வந்தால் என்ன, தண்ணீர் வந்ததே என்று மகிழ்ந்தவர்கள் நாம்.

இங்கேதான் உழைப்பாளிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் நீரிலே 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. லிட்டருக்கு இவ்வளவு என்றார்களே, ஆளுக்கு எத்தனை லிட்டர்? மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருப்பவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடிப்பாரானால், 1.5 அளவுள்ள நீரிலே அவர் உடலுக்குள் போவது 3 மில்லிகிராம். கத்திரி வெயிலிலே கல் உடைக்கும் தோழர் ஐந்து லிட்டர் குடித்தால் ஏழரை மில்லிகிராம்! ஒரே குழாய், ஒரே நீர். வியர்வை சிந்துகிறவனுக்கு மட்டும் இரண்டரை மடங்கு.

இது நாம் கற்பித்த வாதமல்ல. வெப்பம் மிகுந்த ஊரிலே மக்கள் அதிக நீர் குடிப்பார்கள், ஆகவே அங்கே குறைவாகக் கலக்க வேண்டும் என்று 1962-லே அமெரிக்க அரசே வெயிலுக்கேற்ப அளவு வகுத்தது. நாட்டின் தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் பார்த்தே தரம் வகுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

அப்படியானால் புளோரைடு என்றாலே நஞ்சு என்று ஓடுவதா? அதுவும் தவறு. சிறு அளவு பல்லுக்கு நலம் தருவது மெய். அந்தச் சிறு அளவு பல ஊர்களின் நீரிலே இயற்கையாகவே இருக்கலாம், பற்பசையிலும் கிடைக்கிறது. அச்சத்தை விற்பவனிடமும் ஏமாற வேண்டாம். அளந்து பார்க்காமல் ‘ஆபத்தில்லை’ என்று கையெழுத்திடும் அதிகாரியிடமும் ஏமாற வேண்டாம். அளந்து பார்ப்பதே அறிவு வழி.

அளக்கச் சொல்லும் உரிமை யாருக்கு? உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு பேசாதவர் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்திலே, 919, 921 ஆகிய ஆண்டுகளிலே, குடவோலை முறையில் ஏரி வாரியம் அமைத்த விதி அங்கே கல்லிலே இருக்கிறது. நீரைக் காக்க ஒரு வாரியம்! பாராட்டுகிறோம். ஆனால் குடத்திலே யார் பெயர் விழுந்தது? வரி செலுத்தும் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும் என்றது விதி. ஏரிக்கு மண் சுமந்தவன் பெயர் ஓலையிலே ஏறவில்லை. இன்று நிலமில்லாதவனுக்கும் ஓட்டு உண்டு, பெண்களுக்கும் உண்டு, கிராம சபையிலே எழுந்து கேட்கும் உரிமையும் உண்டு. அதைப் பயன்படுத்தாமல் கல்வெட்டைக் காட்டிப் பெருமை பேசுவதிலே பொருளில்லை.

ஆகவே, தோழர்களுக்கு நம் வேண்டுகோள் இது. ஒன்றியத்துச் சிற்றூர் ஒவ்வொன்றிலும், குடிநீர் தரும் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றையும் மழைக்கு முன்னும் பின்னும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலே சோதிக்கச் சொல்லுங்கள். கிடைத்த அளவைத் தண்ணீர்த் தொட்டியின் சுவரிலே, எல்லோரும் படிக்கும்படி எழுதச் சொல்லுங்கள். அளவு 1-ஐத் தாண்டினால், 1.5 வரை பொறுக்கலாம் என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். மாற்று நீர் கேளுங்கள். புதிய கிணறானால், சோதித்த பிறகே குழாயிலே இணைக்கட்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்றும் கிராம சபை கூடுகிறது. தீர்மானப் புத்தகத்திலே கையெழுத்துப் போடும் முன், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் ஊர்த் தண்ணீரிலே புளோரைடு எத்தனை மில்லிகிராம்?

பதில் வரும்வரை உட்காராதீர்கள்!