மழை விட்டதும் வேலியோரம் ஒரு நடை!

தீபாவளி லீவுக்குத் தாராபுரம் பக்கம் அம்மாயி ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி முழுக்க மழை. காலையில் வெயில் எட்டிப் பார்த்ததும் அம்மாயி, அக்கா மகளோடு தோட்டத்துப் பக்கம் கிளம்பினேன். நாங்கள் பார்த்தவை இதோ. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரிலும் தேடிப் பாருங்கள்.

செங்காந்தள்

நம் மாநில மலர். இலை நுனியே சுருண்டு வேலியைப் பற்றி ஏறும். பச்சை கலந்த மஞ்சளாக விரியும் ஆறு இதழ்களும் நாளாக ஆக சிவந்துவிடும். பாப்பா வேரோடு பிடுங்கப் போனாள். "அது கண்வலிக் கெழங்கு கண்ணு, தொடாத!" என்று அம்மாயி கத்திவிட்டார்.

அந்தப் பயம் நியாயமானது. செடி முழுக்க கோல்ச்சிசின் என்ற நச்சு இருக்கிறது. வேறு கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. அதே கோல்ச்சிசின்தான் கவுட் என்ற மூட்டுவலிக்கு மருந்து. விதைக்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதைப் பயிரிடுகிறார்கள். டாக்டர் அளந்து தந்தால்தான் மருந்து. யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், வாந்தி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

பட்டுப்பூச்சி

ஈர மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் பொட்டு. எட்டுக் கால்கள் இருப்பதால் இது பூச்சியே இல்லை, சிலந்திக்குச் சொந்தம்! அம்மா காலத்தில் தீப்பெட்டியில் புல் போட்டு வளர்த்தார்களாம். பாவம், அது புல் தின்னாது. சிறு பூச்சிகளும் அவற்றின் முட்டைகளும்தான் அதன் சாப்பாடு. வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடந்துவிட்டு, மழைக்குப் பிறகு இரையும் துணையும் தேடி வெளியே வருகிறது. அந்தச் சில நாளில் பெட்டிக்குள் அடைத்தால் அதன் அடுத்த தலைமுறையும் போச்சு.

முன்பு வரப்பெல்லாம் சிவப்பாகக் கிடக்கும் என்றார் அம்மாயி. அன்று எங்கள் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று.

தட்டான், தகைவிலான்

தலைக்கு மேலே கூட்டமாக மஞ்சள் தட்டான்கள். இந்த இனம் இங்கிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்கா வரை போவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கரண்ட் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த தகைவிலான்களோ, குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள்.

புதருக்குள் கை விடாதீர்கள், மழைக்காலத்தில் பாம்பு இருக்கலாம். செருப்பு அவசியம். போட்டோ எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எங்கள் பாப்பாவும் உள்ளங்கையில் ஏறிய பட்டுப்பூச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக மண்ணில் இறக்கிவிட்டாள்.