ஆட்டோ காசு

விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாமல் நாலு வருஷம் ஏர்போர்ட்டுக்குப் போய் வந்தவன் நான். வாரத்துக்கு ஐந்து நாள். நம்ம மந்திரிகள்கூட அத்தனை தடவை போயிருக்க மாட்டார்கள்.

பி.காம். முடித்துவிட்டு 2011-ல் பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் சரக்கை மீனம்பாக்கத்தில் விடுவித்துக் கொடுக்கிற வேலை. கஸ்டம்ஸில் எங்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டையிலும் அந்தஸ்து உண்டு. பரீட்சை எழுதிப் பாஸான ஊழியருக்கு ஜி கார்டு. எழுதாத என்னைப் போன்றவர்களுக்கு ஹெச் கார்டு. கழுத்தில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் போனால் பக்கத்து சீட்காரர், "ஏர்போர்ட்லயா வேலை? பைலட்டா தம்பி?" என்பார். மறுக்க மனசு வராது.

உங்களுக்குத் தெரிந்த ஏர்போர்ட், ஏர்போர்ட்டின் முகம்தான். அண்ணா டெர்மினல், காமராஜர் டெர்மினல், மாலையோடு நிற்கும் சொந்தக்காரர்கள். எனக்குத் தெரிந்தது அதன் முதுகு. மீனம்பாக்கத்தில் பழைய டெர்மினல் பக்கம் இருக்கிற கார்கோ பகுதி. லாரி, தள்ளுவண்டி, மரப்பெட்டி, பீடிப் புகை, டீக்கடை. நீங்கள் விமானத்தில் ஜூஸ் குடித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் காலுக்குக் கீழே யாரோ ஒருவருடைய மெஷின் பாகம் படுத்துக்கொண்டு வருகிறது. இறங்கியதும் நீங்கள் டாக்ஸி பிடித்துப் போய்விடுவீர்கள். அது அங்கேயே உட்கார்ந்திருக்கும், நான் காகிதத்தோடு வரும்வரை.

காகிதம் என்றால் சாதாரணக் காகிதம் இல்லை. சில சரக்கு பாங்க் பேரில் வரும். வாங்குகிறவர் பாங்கில் பணத்தைக் கட்டினால்தான், 'இவரிடம் கொடுக்கலாம்' என்று பாங்க் கடிதம் தரும். அதை விமானக் கம்பெனி கவுண்டரில் நீட்டினால் டெலிவரி ஆர்டர். அப்புறம்தான் பெட்டி கேட்டைத் தாண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் கோடவுன் வாடகை ஏறும். ஜெர்மனியிலிருந்து மெட்ராஸுக்குப் பத்து மணி நேரத்தில் வந்த பெட்டி, பாரிமுனையிலிருந்து ஒரு காகிதம் வருவதற்காக மூன்று நாள் காத்திருக்கும்.

அந்தக் காகிதம் எதில் வரும்? பஸ்ஸில்!

2012 நவம்பர். வெள்ளிக்கிழமை. சிவகாசியிலிருந்து ஒரு அண்ணாச்சி. சின்னதாக ஆப்செட் பிரஸ் வைத்திருந்தார். காலண்டர் சீஸனில் மெஷின் படுத்துவிட்டது. பாகம் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கிவிட்டது. டியூட்டி கட்டியாகிவிட்டது. பாங்க் கடிதம் மட்டும் பாக்கி. அண்ணாச்சி காலையிலேயே கார்கோ கேட் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பாங்கில் கடிதம் கைக்கு வரும்போது மணி இரண்டரை. எங்கள் முதலாளி ஒரு ரூபாய்க்கு இரண்டு வவுச்சர் கேட்கிற மனிதர். அன்றைக்கு அவரே 350 ரூபாயை எண்ணிக் கொடுத்து, "ஆட்டோல போயிடு. லேட் பண்ணாத. பாவம், அந்த மனுஷன் உக்காந்திருக்காரு" என்றார்.

மாசக் கடைசி. பையில் 40 ரூபாய் இருந்தது. 350 என்றால் ஒரு வாரச் சாப்பாடு. என் மூளைக்குள் இருந்த காமர்ஸ் பட்டதாரி கணக்குப் போட்டான். பஸ்ஸுக்குப் போக முந்நூத்திச் சொச்சம் லாபம். என்ன, கால் மணி அரை மணி வித்தியாசம் வருமா?

கடற்கரை ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட் வரிசை அனுமார் வால். சரி என்று பிராட்வேக்கு வந்து 21ஜி பிடித்தேன். உட்கார சீட்டும் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

21ஜி ஒரு நல்ல பஸ். ஆனால் அவசரம் என்பது அதன் அகராதியில் கிடையாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் குசலம் விசாரித்துவிட்டுத்தான் நகரும். கிண்டிக்கு வந்தபோது மெட்ரோவுக்காகத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பஸ் நின்றது. எதிரே லாரி. லாரிக்கு எதிரே இன்னொரு பஸ். நான் மணியைப் பார்ப்பதும் கண்டக்டரைப் பார்ப்பதுமாக இருந்தேன். "என்னைப் பார்த்தா வண்டி நகருமா சார்?" என்றார் கண்டக்டர். நியாயம்தான்.

இன்னொரு விஷயம். ஊரிலிருந்து தாம்பரம் பக்கம் போகிற பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில் ரயில் பாதைப் பக்கமாக இறக்கிவிடும். ஏர்போர்ட் எதிர்ப்பக்கம். நடுவில் அந்த ரோடு. அதைக் கடப்பதற்குப் பதில் கடலைத் தாண்டுவது சுலபம். கடந்து, கேட்டுக்கு ஓடி, கார்டைக் காட்டி, மூச்சிரைக்கக் கவுண்டருக்குப் போனேன்.

மூடிவிட்டார்கள். பத்து நிமிஷம்தான் தாமதம்.

திங்கட்கிழமைதான் இனி. அதற்குள் வாடகை ஏறும். சிவகாசியில் இன்னும் இரண்டு நாள் மெஷின் நிற்கும். வெளியே வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் என் சட்டையைப் பார்த்தார். வியர்வையில் பனியன் தெரிந்தது.

"பஸ்ல வந்தீகளா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி. டிராபிக்."

"அதான பாத்தேன். நானும் சிவகாசிலேருந்து பஸ்லதான் வந்தேன். நம்மள மாதிரி ஆளுக்கு வேற என்ன இருக்கு?"

டீ வாங்கிக் கொடுத்தார். காசு அவர்தான் கொடுத்தார். என் பையில் அந்த 350-ல் டிக்கெட் போக மிச்சம் இருந்தது. டீ தொண்டையில் இறங்கவில்லை. திங்கட்கிழமை பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஆட்டோ விஷயத்தை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. வவுச்சரில் 'ஆட்டோ - ரூ.350' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிலிருந்து எந்த ஊர் ஏர்போர்ட் பற்றிப் படித்தாலும் ஓடுபாதை நீளத்தைப் பார்க்க மாட்டேன். பஸ்ஸைத் தேடுவேன்.

ஹாங்காங்கில் புது ஏர்போர்ட் 1998 ஜூலை 6 அன்று திறந்தார்கள். பளபள கட்டடம். ஆனால் பெரிய சரக்கு டெர்மினலின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மூடிய பழைய கை டக் ஏர்போர்ட்டைத் திறந்து வாரக்கணக்கில் அங்கே சரக்கைக் கையாண்டார்கள். முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதுகு பிடித்துக்கொண்டால் மனுஷன் எழுந்திருக்க முடியாது, இல்லையா?

அதே ஊரில் எனக்குப் பிடித்த விஷயம் பஸ் நம்பர். 'ஏ' என்று ஆரம்பித்தால் பெட்டியோடு வரும் பயணிகளுக்கு, சுருக்காகப் போவது. 'ஈ' என்றால் கட்டணம் குறைவு. கார்கோ பகுதியெல்லாம் சுற்றிக்கொண்டு வரும், வேலைக்குப் போகிறவர்களுக்காக. 'எஸ்' என்றால் பக்கத்து துங் சுங் ஊருக்கும் ஏர்போர்ட்டுக்கும் ஓடுவது. ராத்திரிக்கு 'என்'. பறக்கிறவன் மட்டுமல்ல, மூட்டை தூக்குகிறவனும் ஏர்போர்ட்டுக்குத்தான் வருகிறான் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

நம் ஊரும் சும்மா இல்லை. 2016 செப்டம்பரில் சின்னமலையிலிருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ வந்தது. 2019 பிப்ரவரியில் அந்தப் பாதை வண்ணாரப்பேட்டை வரை சேர்ந்தது. இப்போது மண்ணடியில் ஏறினால் மீனம்பாக்கத்தில் இறங்கலாம். மாறவும் வேண்டாம், வேர்க்கவும் வேண்டாம். அன்றைக்கு என்னை நிறுத்தி வைத்த தூண்களின் மேலேயே குளுகுளுவென்று போகலாம். ஆனால் ராத்திரி 11 மணி வாக்கில் மெட்ரோ தூங்கப் போய்விடும். விமானம் தூங்காது. நடுராத்திரியில் இறங்குகிற பெட்டியைத் தூக்குகிறவர் வீட்டுக்கு எப்படிப் போவார் என்பதையும் யாராவது உட்கார்ந்து யோசித்தால் தேவலை.

போன மாசம் சும்மா அந்த மெட்ரோவில் போனேன். எதிர் சீட்டில் ஒரு பையன். மடியில் ஃபைல், கழுத்தில் கார்டு. ஹெச்சேதான். மணியைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தான். பேச்சுக் கொடுக்கலாம் என்று வாய் வரை வந்தது.

'ஆபீஸ்ல ஆட்டோ காசு எவ்வளவு குடுத்தாங்க தம்பி?'

கேட்கவில்லை. மீனம்பாக்கம் வந்ததும் முதல் ஆளாக இறங்கி ஓடினான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்.