ஒருவர் பெயரில் ஒருவர் கை

கணிப்பொறி பழுதுற்றது என்று எழுத்தர் ஒருவர் முறையிடுகிறார். பொறிகளைக் காக்கும் ஆள்வினையர் வருகிறார். இருக்கையில் அமருமுன் அவர் கேட்கும் முதற் கேள்வி, "உங்கள் கடவுச்சொல் என்ன?" என்பதே. எழுத்தரும் தயங்காமல் சொல்லிவிடுகிறார். அதனைத் தாளில் எழுதித் திரைக்கடியில் ஒட்டி வைத்திருக்கும் வள்ளல்களும் உளர்! பழுது நீங்குகிறது, ஆள்வினையர் போய்விடுகிறார், கடவுச்சொல்லும் அவரொடு போய்விடுகிறது. அடுத்த திங்கள் அவ்வெழுத்தரின் பெயரில் ஒரு கோப்பு அழிக்கப்படுமாயின், பொறியின் பதிவேடு எழுத்தரைத்தான் காட்டும். விளக்கம் கேட்டு வரும் மடலும் அவருக்கே வரும். "நான் செய்யவில்லை" என்று அவர் கதறினால் அதற்குச் சான்று ஏது?

இக்கொடுமைக்குப் பொறியின்மேற் பழி சுமத்துவார் உளர். அது பிழை. பிறர் கணக்கில் நிரலை இயக்கிப் பார்க்கும் தேவை ஆள்வினையர்க்கு மெய்யாகவே உண்டு. ஒருவர்க்கு மட்டும் ஓடாத நிரல் ஏன் ஓடவில்லை என்று அறிய, அவருக்குள்ள உரிமைகளோடேயே அதனை ஓட்டியாக வேண்டும். ஆள்வினையர் தம் மேலுரிமையோடு ஓட்டினால் அது தடையின்றி ஓடும், நோய் மறைந்துகொள்ளும். எனவே, பிறர் பெயரை மேற்கொள்ளலாமா என்பதன்று கேள்வி. பிறர் பெயரை மேற்கொள்வோர் தம் பெயரை மறைத்தாக வேண்டுமா என்பதே கேள்வி. வேண்டா என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வழி கண்டுவிட்டனர்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சனும் தெனிசு இரிட்சியும் உருவாக்கத் தொடங்கியது யூனிக்சு என்னும் இயங்குதளம். அதில் எல்லா உரிமையும் குவிந்த கணக்கு ஒன்றுண்டு. அதன் எண் 0. 'உரூட்டு' என வழங்கும் அதன் பெயருக்கு வேர் என்றே பொருள். இங்கு ஒரு முட்டுப்பாடு எழுந்தது. ஒவ்வொருவரும் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டும். ஆயினும் அச்சொற்களைக் காக்கும் கோப்பில் வேரன்றி எவரும் எழுதலாகாது. இரிட்சி இதற்குக் கண்ட வழி, நிரற்கோப்பின்மேல் இடும் ஒரு சிறு குறி. அக்குறியுள்ள நிரல் ஏவியவரின் உரிமையில் ஓடாது. தன்னை உடையவரின் உரிமையில் ஓடும். 1973-இல் வேண்டிய காப்புரிமை 1979-இல் கிடைத்தது; பின்னர் அது பொதுவுக்கே விடப்பட்டது.

அக்குறியின் அழகு வேறோரிடத்தில் உள்ளது. ஓடும் நிரலுக்குப் பொறி இரண்டு எண்களை வைத்துக்கொள்கிறது. மெய்யாக ஏவியவர் யார் என்பது ஒன்று. இப்பொழுது எவருடைய உரிமையில் ஓடுகிறது என்பது மற்றொன்று. உரிமை கைமாறியும் ஆள் மறையவில்லை.

'சூ' என்னும் பழைய கட்டளை, யாராக மாற வேண்டுமோ அவருடைய கடவுச்சொல்லையே கேட்கும். வேருக்கு மட்டும் அத்தடை இல்லை. வேரின் கடவுச்சொல் பத்துப்பேர் வாயில் உலவும் இடத்தில் பொறுப்பு எவர்க்கும் உரியதன்று. 1980 அளவில் நியூயார்க்கு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பபலோ வளாகத்தில் பாப் கோகெசாலும் கிளிப் சுபென்சரும் 'சூடோ' என்னும் நிரலை எழுதினர். இன்று அது கேட்பது ஏவுபவரின் கடவுச்சொல்லையே. யார் ஏவினார், எப்பொழுது, எந்த முனையத்திலிருந்து, எந்த அடைவில் நின்று, யாருடைய பெயரில், எந்தக் கட்டளையை என்று அனைத்தையும் பதிந்துவிடுகிறது. இன்னார், இன்னாருடைய பெயரில், இந்த ஒரு நிரலை மட்டும் இயக்கலாம் என்று வரையறுக்கவும் அதில் இடமுண்டு. போசுட்கிரெசு என்னும் தரவுத்தளத்தைக் காப்பவர் இவ்வாறே அதன் பெயரிலுள்ள கணக்கில் பணி செய்கிறார். (அக்கணக்குக்கு உரியவர் ஆளே அல்லர், ஊதியமும் ஓய்வும் கேளாத பயனர் அவர்.) பிறர் கடவுச்சொல்லைக் கேட்கும் தேவை இங்கு எங்கே எழுகிறது?

விண்டோசின் நிலை வேறு. விண்டோசு 2000-இல் வந்த 'ரன்னாசு' கட்டளை, ஏவுபவர் ஆள்வினையரே ஆயினும், யார் பெயரில் இயக்குகிறாரோ அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கிறது. அலுவலகங்களில் அக்கெட்ட பழக்கம் வேரூன்றியதற்கு இவ்வமைப்பும் ஒரு கரணியம் ஆகலாம். கேட்க நாணும் சிலர் அதனினும் கொடியதைச் செய்வர்: எழுத்தரின் கடவுச்சொல்லையே மாற்றிவிடுவர். அப்பொறிக்கே உரிய கணக்காயின், அவர் மறையீடு செய்து வைத்த கோப்புகள் அன்றோடு திறவா. எளிய வழி ஒன்றிருக்கிறது. எழுத்தரை அருகழைத்து, அவர் கையாலேயே கடவுச்சொல்லைத் தட்டச் சொல்லி, ஆள்வினையர் முகத்தைத் திருப்பிக்கொள்வது. அரை மணித்துளி போதும்.

சூடோவும் குறையற்றதன்று. 2011-இல் அதனுள் புகுந்த பிழையொன்று 2021 சனவரியில்தான் வெளிப்பட்டது. இசைவுப் பட்டியலில் இல்லாத பயனரும் அதன்வழி வேராகிவிட இயலும். பிழையைத் திருத்திவிட்டனர். திருத்த இயலாதது ஆளின் சூழ்ச்சி. சூடோவால் கட்டளைக்கூடு ஒன்றைத் திறந்துகொண்டு உள்ளே புகுந்துவிட்டால், புகுந்தது பதிவாகும். உள்ளே செய்தவை, தனியே ஏற்பாடு செய்திருந்தாலன்றிப் பதிவாகா. வேரின் உரிமை பெற்றவர் அப்பொறியிலுள்ள பதிவேட்டையே அழிக்கவும் வல்லவர். ஆகலின், பதிவேட்டை ஆள்வினையரின் கைக்கு எட்டாத வேறொரு பொறிக்கு அவ்வப்பொழுதே அனுப்பிவைத்தல் வேண்டும். இதற்குச் செலவு மிகுதி என்போர், ஓர் எழுத்தரின் வேலை பறிபோகும் செலவைக் கணக்கிட்டதில்லை.

இந்திய நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 66சி பிரிவு, பிறர் கடவுச்சொல்லைக் கரவாகப் பயன்படுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலக்கம் உருபா வரை ஒறுப்புப் பணமும் வகுத்துள்ளது. ஆனால், கரவு என்று மெய்ப்பிக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தம் வாயாலேயே சொல்லிவிட்ட எழுத்தர், தம் பெயரை மட்டுமே தாங்கிய பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதனை எவ்வாறு மெய்ப்பிப்பார்?