ஹலால் கேட்கும் நாம், தய்யிப் கேட்கிறோமா?

 

இறைச்சிக் கடையில், "யார் அறுத்தது? பிஸ்மி சொல்லி அறுத்ததா?" என்று கேளாமல் நம்மில் எவரும் பையை நீட்டுவதில்லை. அப்படிக் கேட்பதே முறை. அதே பையுடன் காய்கறிக் கடையில் நிற்கும்போது மட்டும் நாம் ஊமையாகிவிடுகிறோம். இந்தக் கீரை எங்கே விளைந்தது, எதைத் தெளித்து விளைவித்தார்கள், விளைவித்தவர் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று ஒரு சொல்கூடக் கேட்பதில்லை. அருள்மறை உணவுக்கு இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது (2:168). அது ஹலாலாக இருக்க வேண்டும். தய்யிபாகவும், அதாவது தூயதாகவும் நல்லதாகவும், இருக்க வேண்டும். முதல் சொல்லைப் பற்றிக்கொண்ட நாம் இரண்டாம் சொல்லை ஓதுவதோடு நிறுத்திவிட்டோம்.

பூச்சிமருந்து பட்ட காய் ஹராம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது மார்க்க அறிஞர்களின் பொறுப்பு. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவே மறந்த ஒரு சமுதாயமாகிவிட்டோமே என்பதுதான் என் முறையீடு.

சந்தை நம் அருகில்தான் இருக்கிறது

நாகர்கோவில் வடசேரியில் உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய திட்டத்தின் வழியில் வந்தது அது. அங்கே விற்பவர் உழவர் என்பதற்கு அடையாள அட்டை உண்டு. கடைக்கு வாடகை இல்லை. தராசுக்குக் கட்டணம் இல்லை. மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றாட விலை பலகையில் எழுதப்படுகிறது. விளைவித்தவருக்கும் உண்பவருக்கும் நடுவே எவரும் நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இது நமக்குப் புதிய பாடமா? சரக்குடன் வரும் கூட்டத்தாரைச் சந்தையை அடையுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையறிந்தபின், அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அவருக்கு வழங்கினார்கள். விலை அறியாத உழைப்பாளி ஏமாந்துவிடக் கூடாது என்ற அக்கறை அது. அந்த வழிமுறையைப் பெருமையோடு பேசும் நம்மில் எத்தனை குடும்பங்கள் உழவரிடம் நேரில் வாங்குகின்றன?

சென்று வாங்குவோரும் என்ன செய்கிறோம்? விடியுமுன் கீரை அறுத்துக் கட்டிச் சுமந்துவந்த மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். பிறகு குளிரூட்டப்பட்ட கடைக்குள் நுழைந்து, உறையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். விற்கும்போதும் வாங்கும்போதும் பெருந்தன்மை காட்டும் மனிதருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டிய நபியின் உம்மத், தன் பெருந்தன்மையைப் பெருங்கடைகளுக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறது!

"இயற்கை" என்ற சொல் ஒரு சாட்சியம்

உழவர் சந்தையில் இருப்பவை எல்லாம் ரசாயனம் தொடாதவை அல்ல. நேரடி விற்பனை வேறு, இயற்கை விளைச்சல் வேறு. உறையிட்ட பொருளாயின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வந்த 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் பார்க்கலாம். முத்திரை இல்லாத சிறு உழவராயின் அவரிடமே கேட்கலாம்: என்ன உரம் இட்டீர்கள்? மருந்து தெளித்தீர்களா? தெளித்து எத்தனை நாளில் பறித்தீர்கள்? முகம் பார்த்துக் கேட்கக்கூடிய இடம் சந்தை ஒன்றுதான்.

நம் வணிகச் சகோதரர்களுக்கும் ஒரு சொல். "இயற்கை" என்று பலகை எழுதுவது அல்லாஹ்வின் முன் சொல்லும் சாட்சியம். தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. அந்த ஈரத்தை மேலே தெரியும்படி வைக்காத வணிகரிடம், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மொத்தச் சந்தையில் வாங்கிய சாதாரண அரிசியை இயற்கை அரிசி என்று விற்பதும் ஈரத்தை மறைப்பதே.

விலை என்ற சாக்கு

"இயற்கை உணவு பணக்காரருக்கு" என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மரச்சீனியும் சக்கையும் முருங்கைக்கீரையும் பணக்கார உணவுகளா? குழந்தைக்கு மட்டிப்பழம் ஊட்டி வளர்த்த மாவட்டம் இது. 2023இல் அப்பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாமோ டப்பா மாவுக்கு அதைவிடப் பன்மடங்கு கொடுக்கிறோம். வலீமா விருந்தில் சஹன் சஹனாக மிஞ்சும் பிரியாணியைக் குப்பையில் கொட்டும்போது வராத விலைக் கணக்கு, உழவரிடம் வாங்கும்போது மட்டும் வருவது ஏன்?

நம் வீடு நிற்கும் இடம்

இன்னும் கசப்பான ஓர் உண்மை உண்டு. பேச்சிப்பாறை நீர் பாய்ந்து கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளைந்த நாஞ்சில் நாட்டு வயல்களில் பெரும்பகுதி இன்று வயலாக இல்லை. தென்னையும் வாழையும் போக மீதியை மனைகள் விழுங்கின. வளைகுடாவில் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தைக் கொண்டு வயலை வாங்கி, மண் நிரப்பி, மதில் கட்டியவர்களில் நம்மவரும் உண்டு. அந்தப் பணம் ஹலால்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரும் பறவையும் கால்நடையும் உண்பது அவருக்குத் தர்மமாகும் என்று கற்ற நாம், அவை அனைத்தும் உண்டுகொண்டிருந்த வயலை மூடியதற்கு என்ன கணக்குச் சொல்வோம்? வயலை மூடிவிட்டு, நல்ல அரிசி கிடைக்கவில்லை என்று புலம்புவதில் என்ன நேர்மை இருக்கிறது?

செய்யக்கூடியவை

வாரம் ஒரு நாள் ஃபஜ்ரு தொழுகை முடித்துப் பிள்ளைகளுடன் உழவர் சந்தைக்குச் செல்வோம். விளைவித்தவரிடம் பேரம் பேசுவதை விடுவோம். ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ரமளானில் நோன்புக் கஞ்சிக்கான அரிசியில் ஒரு பங்கையாவது நம் மாவட்ட உழவரிடம் நேரடியாக வாங்கட்டும். அறுவடைக்கு முன்பே சொல்லி வைத்தால் அவருக்கும் துணிவு பிறக்கும். வயல் வைத்திருப்போர் அதை மனையாக்குமுன் ஒருமுறை மறுமையை எண்ணிப் பார்க்கட்டும்.

ஹலாலானதையும் தய்யிபானதையும் தேடி உண்ணவும், அதை விளைவித்தவரின் உரிமையைக் குறைவின்றிக் கொடுக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.