2011-ல் என்ன செய்தீர்கள்?

இன்டர்வியூவுக்கு நான் தயாரானதைப் பார்த்து வீடே மிரண்டது. ரிசர்வ் வங்கி தொடங்கியது 1935, அரசுடைமை ஆனது 1949, பதினாலு வங்கிகள் நாட்டுடைமை 1969 ஜூலை 19... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (அப்பா நிஜமாகவே எழுப்பிக் கேட்டார்!)

அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை. எதிரே மூன்று பேர். நடுவிலிருந்த கண்ணாடிக்காரர் என் பயோடேட்டாவைப் புரட்டினார்.

"பி.காம். 2010-ல முடிச்சிருக்கீங்க. டாலி படிச்சது 2012. நடுவுல ஒரு வருஷம் என்ன பண்ணீங்க?"

1969 தெரியும். 2011?

"சும்மாத்தான் சார் இருந்தேன்."

சுத்தப் பொய். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி, அந்த வருஷம் பூரா எங்கள் மளிகைக் கடையை நான்தான் பார்த்தேன். கடன் நோட்டு, மண்டிக்குத் தர வேண்டிய பாக்கி, ராத்திரி பதினோரு மணிக்குக் கல்லாவில் குறைந்த நாற்பது ரூபாயைத் தேடி நோட்டைப் புரட்டியது... அக்கவுன்ட்ஸ் வேலைக்கு இதைவிட என்ன அனுபவம் வேணும், சொல்லுங்கள்? பொட்டலம் மடித்தேன் என்று சொல்லக் கூச்சம். டை வேறு கட்டியிருந்தேனா!

வேலை கிடைக்கவில்லை. நாளைக்கு இன்டர்வியூ போகிற தம்பிகளே, பொது அறிவுப் புத்தகத்தை மூடிவிட்டு இன்று ராத்திரி உங்கள் பயோடேட்டாவை ஒருமுறை படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் 'அப்புறம்?' என்று நீங்களே கேட்டு, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "என்னடா கேட்டாங்க?"

"ரிசர்வ் வங்கி எப்போ ஆரம்பிச்சதுன்னுப்பா."

"நான் சொன்னேன்ல!" என்றார், அத்தனை சந்தோஷமாக.